ரொறன்ரோவில் குடும்பத்தோடு எந்தப் பக்கம் குடியிருப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவுக்கு மாறி வருகிற குடும்பங்கள் விமான டிக்கெட் எடுத்த கையோடு கேட்பது ஒன்றுதான்: "எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம்?" பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பேரும் தாங்கள் இருக்கும் இடத்தையே சொல்வார்கள். நானும் ஸ்காபரோக்காரன்தான், அந்தச் சாய்வு எனக்கும் உண்டு, இப்போதே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் பல இன மக்களோடு வளர வேண்டும், அதே நேரம் பள்ளிக்கூடமும் தெருவும் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக எழுதியது இது.

"ரொறன்ரோ" என்று எல்லோரும் சொல்வது எந்த இடத்தை?

கதைக்கும்போது எல்லாமே ரொறன்ரோதான். உண்மையில் ரொறன்ரோ மாநகரம் என்பது 1998இல் ஆறு நகராட்சிகளை ஒன்றாக்கி உருவாக்கியது: பழைய ரொறன்ரோ, ஸ்காபரோ, நோர்த் யோர்க், ஈஸ்ட் யோர்க், யோர்க், எற்றோபிக்கோ. அதற்கு வெளியே கிழக்கில் பிக்கரிங், ஏஜக்ஸ். வடக்கில் மார்க்கம், ரிச்மண்ட் ஹில், வோன். மேற்கில் மிசிசாகா, பிரம்டன். இவையெல்லாம் தனி நகரங்கள்.

இதைத் தெரிந்துகொள்வதில் பலன் இருக்கிறது. ஸ்டீல்ஸ் வீதியின் தெற்குப் பக்கம் ஸ்காபரோ, வடக்குப் பக்கம் மார்க்கம். வீதியைக் கடந்தால் பள்ளிக்கூடத்தை நடத்தும் சபை மாறும், வீட்டு வரி மாறும், நூலக அட்டை மாறும். விளம்பரத்தில் "ரொறன்ரோ அருகில்" என்று போட்டிருந்தால் எந்த நகரம் என்று கேட்டுவிட்டு மேலே போங்கள்.

பல இனத்தவர் கலந்து வாழும் பகுதியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எண்ணிக்கை. 2021 குடிமதிப்பின்படி ரொறன்ரோ மாநகரத்தில் சுமார் 28 லட்சம் பேர், அவர்களில் 46.6 சதவீதத்தினர் குடியேறிகள். கனடாப் புள்ளிவிவரத் திணைக்களத்தின் தளத்தில் எந்த நகரத்தின் பெயரைக் கொடுத்தாலும் அங்கே என்ன மொழி பேசுகிறார்கள், எங்கிருந்து வந்தவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் வரும். மாநகரத்தை 158 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி விவரத்தை நகரசபையே வைத்திருக்கிறது.

ஆனால் அந்த எண்கள் ஓரளவுக்குத்தான் உதவும். மார்க்கத்தில் ஐந்தில் நான்கு பேர் வெள்ளையர் அல்லாதவர்கள். கேட்டால் பெரிய கலவை போலத் தோன்றும், ஆனால் நகரத்தில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் சீன வம்சாவளியினர். பிரம்டனில் பாதிக்கு மேல் தெற்காசியர்கள், அதிலும் பஞ்சாபிகள் அதிகம். அவை மோசமான இடங்கள் என்று நான் சொல்லவில்லை. என் உறவுக்காரர்கள் இரண்டிலும் சந்தோஷமாக இருக்கிறார்கள். "பல இனம்" என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை விதமான இடங்கள் அடங்குகின்றன என்பதற்காகச் சொல்கிறேன். ஏஜக்ஸை எடுத்தால் தெற்காசியர், கறுப்பினத்தவர், வெள்ளையர் என்று எல்லோரும் இருக்கிறார்கள், ஒருவரும் பாதியைத் தாண்டவில்லை. ஆனால் அங்கே வீடுகள் தள்ளித் தள்ளி இருப்பதால், கராஜ் கதவு மூடியதும் யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

நான் பார்ப்பது வேறு ஒன்று. பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குப் போய் வாசலுக்கு எதிரே பத்து நிமிடம் நில்லுங்கள். பிள்ளைகளை எடுக்க வந்தவர்கள் தங்கள் தங்கள் ஆட்களோடு தனித்தனிக் கூட்டமாக நிற்கிறார்களா, இல்லை சோமாலித் தாயும் பிலிப்பினோ அம்மம்மாவும் ஒரு தமிழ் அப்பாவும் ஒன்றாக நின்று குளிரைத் திட்டுகிறார்களா? பிள்ளைகள் வெளியே வரும்போது யார் கையை யார் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்? பிறகு பக்கத்து நூலகத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் போய்ப் பாருங்கள். ஸ்காபரோவின் மோல்வர்ன், லோரன்ஸ்–மார்க்கம் ரோட்டுப் பக்கம், நோர்த் யோர்க்கின் பிளெமிங்டன் பார்க், டொன் மில்ஸ் ஆகிய இடங்களில் இப்படிக் கலந்து நிற்கும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டு முகவரிடம் "இங்கே என்ன ஆட்கள் இருக்கிறார்கள்?" என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். கோபிக்காதீர்கள். இனத்தையோ மதத்தையோ வைத்து ஒருவரை ஒரு பகுதிக்கு அனுப்புவதோ தடுப்பதோ மனித உரிமைச் சட்டத்துக்கு முரணானது என்று அவருக்குத் தெரியும்.

தமிழ்ச் சனம் அதிகம் உள்ள இடத்திலேயே இருந்துவிட்டால் லேசாக இருக்காதா?

லேசாகத்தான் இருக்கும். 1983க்குப் பிறகு வந்த தமிழர்கள் முதலில் சேர்ந்து இருந்தது நகர மையத்தில், வெலஸ்லி–பார்லிமென்ட் சந்திப் பக்கத்து உயரமான பில்டிங்குகளில். ஒரே மாடியில் ஐந்தாறு தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. யார் வேலைக்குப் போனாலும் யாராவது ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஸ்காபரோ, அப்புறம் மார்க்கம், பிறகு பிக்கரிங், ஏஜக்ஸ் என்று கிழக்கும் வடக்குமாக நகர்ந்தார்கள். இன்றும் அநேகக் குடும்பங்களின் பாதை இதுதான்: முதலில் ஒரு வீட்டின் நிலத்தடிப் பேஸ்மன்ட், பிறகு பில்டிங், கடைசியில் தூரத்தில் சொந்த வீடு.

வந்த முதல் வருடத்தில் தமிழ்க் கடையும் தமிழ் பேசும் மருத்துவரும் நடக்கும் தூரத்தில் இருப்பது சின்ன விஷயமில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பற்றி இங்கிலிஷில் விளக்க முடியாமல் நின்றவர்களுக்கு அது புரியும். ஆனால் "தமிழ் ஆட்கள் இருக்க வேண்டும்" என்ற ஒன்றை மட்டும் வைத்துத் தேடினால் வாடகையும் பயணமும் பள்ளிக்கூடமும் பின்னால் போய்விடும். உண்மையில் ஸ்காபரோவில் எங்கே இருந்தாலும் அரை மணி நேரத்துக்குள் தமிழ்க் கடை ஒன்று வந்துவிடும். அதனால் அதைப் பட்டியலில் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வைத்தால் போதும்.

பிள்ளைக்குத் தமிழ் படிப்பிக்கவும் தமிழ்த் தெருவில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பொதுக் கல்விச் சபைகளே சனிக்கிழமைகளிலும் பள்ளிக்கூடம் முடிந்த பிறகும் பிறமொழி வகுப்புகள் நடத்துகின்றன, அவற்றில் தமிழும் உண்டு. உயர்நிலைப் பள்ளியில் தமிழைப் படித்து, பட்டயத்துக்கான புள்ளியாகவே எடுத்துக்கொள்ளலாம். ரொறன்ரோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள். ஸ்காபரோவின் பல கிளைகளில் தமிழ்ப் புத்தக அலுமாரியே இருக்கிறது.

நல்ல பள்ளிக்கூடம் உள்ள பகுதி எது? தரவரிசைப் பட்டியலை நம்பலாமா?

அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் குழப்புவதும் இதுதான்.

ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் பொதுப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைப்பது வீட்டு முகவரியை வைத்துத்தான். அரசு செலவில் நடப்பவை இரண்டு வகை: எல்லோருக்குமான பொதுச் சபை, கத்தோலிக்கச் சபை. இரண்டுக்கும் பிரெஞ்சு மொழிச் சபைகளும் தனியாக உண்டு. சபையின் இணையதளத்தில் முகவரியைப் போட்டால் உங்கள் பள்ளிக்கூடத்தின் பெயர் வரும். வீட்டு விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளிக்கூடத்தை நம்பி ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். எதிர் வரிசை வீட்டுக்கு ஒரு பள்ளிக்கூடமும் உங்கள் வரிசைக்கு இன்னொன்றும் இருப்பதுண்டு. புதிதாகக் கட்டும் கொண்டோ அடுக்குமாடிகளின் முன்னால் சபை ஒரு பலகை வைத்திருக்கும்: இங்கே வரும் பிள்ளைகளுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இடமில்லாமல் போகலாம், வேறு இடத்துக்கு பஸ்ஸில் அனுப்பப்படலாம் என்று. விற்பவர் அந்தப் பலகையைக் காட்ட மாட்டார்.

இனி, தரவரிசை. ஒன்ராறியோவில் மூன்றாம், ஆறாம் வகுப்புகளில் மாகாணம் முழுக்க வாசிப்பு, எழுத்து, கணிதத்தில் ஒரு சோதனை வைக்கிறார்கள். ஃபிரேசர் நிறுவனம் என்ற அமைப்பு அந்தப் புள்ளிகளை வைத்துப் பத்துக்கு இத்தனை என்று பட்டியல் போடுகிறது. நம் ஆட்கள் அதைப் பஞ்சாங்கம் போலக் கையில் வைத்துக்கொண்டுதான் வீடு பார்க்கிறார்கள். அந்த எண் பெரும்பாலும் சொல்வது பெற்றோரின் வருமானத்தையும் ரியூசன் செலவையும்தான். நேற்று வந்து இறங்கி இன்னும் இங்கிலிஷ் பிடிபடாத பிள்ளைகள் நிறையப் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் புள்ளி இறங்கும். ஆனால் உங்கள் பிள்ளையும் நேற்று வந்து இறங்கியதுதானே? அதற்கு வேண்டிய ஆங்கிலத் துணை ஆசிரியரும், புதிய குடும்பங்களுக்கு உதவும் குடியமர்வு ஊழியரும் அப்படிப்பட்ட பள்ளிக்கூடத்தில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

என் மூத்த மகளைப் பட்டியலில் 9 புள்ளிக்கு மேல் எடுத்த பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்ப்பதற்காகவே ஒரு முறை வீடு மாறினோம். அவளுடைய வகுப்பில் எல்லோரும் நாலைந்து வருடங்களாக ஒன்றாகப் படித்தவர்கள். பிறந்தநாள் விழாவுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. ஒன்றரை வருடத்தில் திரும்பி வந்தோம்.

போய்ப் பார்க்கும்போது அலுவலகத்தில் நாலைந்து விஷயம் கேளுங்கள்: வருட நடுவில் எத்தனை பிள்ளைகள் புதிதாக வருகிறார்கள், ஆங்கிலத் துணை ஆசிரியர் முழு நேரமா, காலையும் மாலையும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு கட்டடத்துக்குள்ளேயே உண்டா, எத்தனை வகுப்புகள் வெளியே தற்காலிகக் கொட்டகைகளில் நடக்கின்றன. முகம் கொடுத்துப் பதில் சொல்கிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

பிள்ளைக்கு நாலு வயது. எப்போது சேர்க்கலாம்?

அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் நாலு வயது நிறைகிறது என்றால் செப்டம்பரிலேயே சேர்க்கலாம், முழு நாள் வகுப்பு, கட்டணம் இல்லை. பிரெஞ்சில் படிப்பிக்க விரும்பினால் கவனம்: ரொறன்ரோ பொதுச் சபையில் பிரெஞ்சு வகுப்பு ஐந்து வயதிலேயே தொடங்குகிறது, மார்க்கம் பக்கத்தில் முதலாம் வகுப்பில். விண்ணப்பத் தேதி தவறினால் பிறகு நுழைவது கஷ்டம்.

அதைவிடச் சின்னப் பிள்ளைகள் என்றால் டே கெயார். அரசுத் திட்டத்தில் சேர்ந்த இடங்களில், ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு, 2025 ஜனவரியிலிருந்து நாளுக்கு 22 டொலருக்கு மேல் எடுக்க முடியாது. விலை குறைந்ததும் வரிசை நீண்டுவிட்டது. வீடு முடிவாகும் முன்னரே மூன்று நாலு இடங்களில் பெயரைப் போட்டு வையுங்கள்.

ஸ்காபரோ பயமான இடம் என்கிறார்களே?

சொல்பவர்களில் பாதிப்பேர் ஸ்காபரோவில் இறங்கியே இருக்க மாட்டார்கள். 2000களின் தொடக்கத்தில் மோல்வர்ன் பெயர் துப்பாக்கிச் செய்திகளில் நிறைய அடிபட்டது. அந்தப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று அங்கே நல்ல நூலகம், பொழுதுபோக்கு நிலையம், பக்கத்திலேயே ரூஜ் தேசிய நகர்ப் பூங்கா எல்லாம் இருக்கின்றன.

ஒட்டுமொத்தமாக ஓர் ஊரைப் பற்றிக் கேட்பதில் பலனில்லை. ஆறு லட்சத்துக்கு மேல் சனம் வாழும் இடம் அது. ரொறன்ரோ பொலிஸ் தன் இணையதளத்தில் 158 பகுதிகளுக்கும் குற்ற விவரங்களை வரைபடத்தில் போடுகிறது. பார்க்கும்போது கார் திருட்டையும் ஆட்களைத் தாக்குவதையும் பிரித்துப் பாருங்கள். வசதியான பகுதிகளிலும் கார் திருட்டு நடக்கிறது. அப்புறம், கார் காப்புறுதிக் கட்டணம் அஞ்சல் குறியீட்டை வைத்து மாறும்; ஸ்காபரோவிலும் பிரம்டனிலும் அது அதிகம். வாடகை குறைவு என்று பார்த்த வீட்டின் லாபத்தில் ஒரு பகுதி அங்கே போய்விடும். காப்புறுதிக்காரரிடம் இரண்டு அஞ்சல் குறியீடுகளைக் கொடுத்து விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கார் இல்லாமல் முடியுமா?

சப்வே பக்கம், அல்லது இரவிலும் ஓடும் பெரிய பஸ் வழிப் பக்கம் என்றால் முடியும். நகர பஸ், சப்வேயில் 12 வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம், புறநகர்களுக்கு ஓடும் கோ ரயிலிலும் அப்படியே. 2024 பிப்ரவரியிலிருந்து, மார்க்கம் பஸ்ஸிலோ, பிக்கரிங், ஏஜக்ஸ் பக்கம் ஓடும் டுராம் பஸ்ஸிலோ வந்து ரொறன்ரோ பஸ்ஸுக்கு மாறினால் இரண்டாவது கட்டணம் இல்லை. முன்பு ஸ்டீல்ஸைக் கடக்க இரண்டு தரம் கட்டினோம்.

ஸ்காபரோவுக்கு மட்டும் ஒரு குறை. கென்னடியிலிருந்து ஓடிய பழைய ரயில் 2023 ஜூலையில் தடம் புரண்ட பிறகு நிரந்தரமாக மூடப்பட்டது. அதற்குப் பதில் பஸ்தான். சப்வேயை லோரன்ஸ், ஸ்காபரோ சென்ரர், ஷெப்பர்ட்–மக்கவன் வரை நீட்டும் வேலை நடக்கிறது. "சப்வே வருகிறது" என்று சொல்லி இன்றைய வாடகையைக் கூட்டினால் சிரித்துவிட்டு வாருங்கள். நகர மையத்தில் வேலை என்றால் கோ ரயில் நிலையத்தைப் பாருங்கள்: எஜின்கோர்ட், மிலிக்கன் ஒரு பாதையில், ரூஜ் ஹில், பிக்கரிங், ஏஜக்ஸ் இன்னொரு பாதையில்.

வாடகைக்கு எடுக்கும்போது என்ன கேட்கலாம், என்ன கேட்க முடியாது?

வீட்டுக்காரர் முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் முன்பணமாக வாங்கலாம். அதற்கு மேல் "சேதத்துக்கு ஒரு முன்பணம்", "புதுசாக வந்தவர், ஆறு மாதம் மொத்தமாகக் கட்டு" என்று கேட்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பின்திகதியிட்ட காசோலை வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. நிறம், மதம், பிறந்த நாடு, பிள்ளைகள் இருப்பது, அரச உதவிப் பணம் வாங்குவது ஆகியவற்றைக் காட்டி மறுப்பது குற்றம். வீட்டுக்காரரோடு குசினியையோ குளியலறையையோ பகிர்ந்தால் மட்டும் விதிவிலக்கு. கனடாவில் கடன் வரலாறு இல்லாததைக் குறையாக எடுக்கக்கூடாது என்பது மனித உரிமை ஆணையத்தின் நிலைப்பாடு. நடைமுறையில் எடுக்கிறார்கள். வேலைக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், முன்பு இருந்த வீட்டுக்காரரின் கடிதம் ஆகிய மூன்றையும் முதல் நாளே நீட்டினால் பேச்சுக் குறையும்.

இன்னொரு விஷயம் கனபேருக்குத் தெரியாது. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடியேறிய வீட்டுக்கு வாடகை உயர்வு வரம்பு கிடையாது. பழைய கட்டடத்தில் மாகாணம் அறிவிக்கும் வீதம்தான், 2025இல் அது 2.5 சதவீதமாக இருந்தது. பளபளப்பான புது கொண்டோவில் அடுத்த வருடம் 300 டொலர் கூட்டினாலும் அது சட்டப்படி சரி. பிள்ளை ஒரே பள்ளிக்கூடத்தில் நாலு வருடம் படிக்க வேண்டும் என்றால் 1970களின் பழைய பில்டிங் உங்களுக்கு நல்லது, லிஃப்ட் கொஞ்சம் முனகினாலும்.

பேஸ்மன்ட் வீடு குடும்பத்துக்குச் சரிவருமா?

தொடக்கத்தில் எல்லோரும் அங்கேதான். யன்னல் வழியாக ஒரு ஆள் வெளியேற முடியுமா, புகை அலாரமும் கார்பன் மோனொக்சைட் அலாரமும் இருக்கின்றனவா, நகரசபையின் அனுமதி உண்டா என்று பாருங்கள். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி அநேகமாக மேல்வீட்டில் இருக்கும். ரொறன்ரோவில் குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை இருக்க வேண்டும் என்பது விதி. பேஸ்மன்டில் அது 18க்கு இறங்கினால் யாரைக் கூப்பிடுவது என்று முதலே பேசிக்கொள்ளுங்கள்.

அம்மா அப்பாவும் கூட வருகிறார்கள்...

அப்படியென்றால் மேலே சொன்னவற்றில் பாதியை மாற்றி யோசிக்க வேண்டும். பிள்ளை பள்ளிக்கூடத்தில், நீங்கள் வேலையில், நாள் முழுக்க அந்தப் பகுதியில் வாழப்போவது அவர்கள்தான். ஏஜக்ஸில் நாலு அறை வீடு வாங்கி, கார் ஓட்டத் தெரியாத அம்மாவை ஜனவரி முழுக்க யன்னலோரம் உட்கார வைத்த வீடுகளை எனக்குத் தெரியும். வாசலில் பஸ், பக்கத்தில் மோல், உள்ளே நடந்து போய் ஒரு கோப்பி குடித்து நாலு பேரோடு கதைக்க ஒரு இடம் வேண்டும். ஸ்காபரோ மோல்களின் உணவுக்கூடங்களில் காலை பத்து மணிக்குப் பாருங்கள், தமிழ், சீன, கரிபியன் முதியவர்கள் எல்லோரும் அங்கேதான். கந்தசுவாமி கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ தனியாகப் போய் வர முடியுமா என்றும் கேளுங்கள்.

உடனே வாங்கிவிடலாமா?

ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். ஒரு குளிர்காலமாவது பார்க்காமல் இங்கே வீடு வாங்குவது எனக்குப் புத்தியாகப் படவில்லை. ரொறன்ரோ எல்லைக்குள் வாங்கினால் மாகாணத்துக்கும் மாநகரத்துக்கும் என்று நிலமாற்ற வரி இரண்டு தரம் கட்ட வேண்டும். மார்க்கத்திலோ ஏஜக்ஸிலோ ஒரு தரம்தான். முதல் வீடு என்றால் மாகாணம் 4,000 டொலர் வரையும், மாநகரம் 4,475 டொலர் வரையும் தள்ளுபடி தருகின்றன.

வேறு நகரத்திலிருந்து வருகிறேன், பார்க்க ஒரே நாள்தான் இருக்கிறது. என்ன செய்வது?

சனி, ஞாயிறு வேண்டாம், வேலை நாளில் வாருங்கள். காலை ஏழரைக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து வேலையிடத்துக்கு பஸ்ஸில் போய்ப் பாருங்கள், காரில் வேண்டாம். மதியம் பக்கத்துக் கடையில் ஒரு வாரத்துக்கான சாமானின் விலையைக் கூட்டிப் பாருங்கள். பள்ளிக்கூடம் விடும்போது வாசலில் நில்லுங்கள். நூலகத்தில் அறிவிப்புப் பலகையை வாசியுங்கள். எந்தெந்த மொழியில் என்னென்ன ஒட்டியிருக்கிறார்கள் என்பது குடிமதிப்பு எண்ணைவிடக் கூடச் சொல்லும். பொழுதுபோக்கு நிலையத்தில் நீச்சல் வகுப்பின் பதிவுத் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதிவு காலை ஏழு மணிக்குத் தொடங்கும், ஏழு பத்துக்கெல்லாம் இடம் முடிந்துவிடும்.

இரவு ஒன்பது மணிக்கு இன்னொரு தரம் அந்தத் தெருவுக்குப் போங்கள். விளக்கு எரிகிறதா, நாயோடு நடப்பவர்கள் இருக்கிறார்களா, கார்கள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். மார்க்கத்தில் அதிகாலை 2 மணியிலிருந்து 6 மணி வரை தெருவில் கார் நிறுத்த முடியாது. உங்கள் வீட்டோடு ஒரே ஒரு இடம்தான் தருகிறார்கள் என்றால் இரண்டாவது காரை எங்கே விடுவது என்று அன்றிரவே வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.